குமிழ் காட்டாத கசிவு

வெண்டல் பயந்த சுபாவம் என்பது அந்த ஏரிக்கரை ஊருக்கே தெரிந்த விஷயம். ஜனவரியில் ஏரி உறைந்து, ஜனங்கள் அதன்மேல் லாரியையே ஓட்டிக்கொண்டு போவார்கள். அவன் மட்டும் கரையோரமாக நடப்பான். காரில் ஏறிப் பாதி வழி போன பிறகு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவான். பள்ளிக்கூட நாளிலிருந்து அவனோடு கூடவே திரியும் ரோலிக்கு இதெல்லாம் கிண்டலடிக்கக் கிடைத்த வரம்.

பயந்தவனைக் கேலி செய்வது சுலபம். பத்துக்கு ஒன்பது தடவை அவன் பயம் வீண்தான். அந்தப் பத்தாவது தடவை அவன் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இதில் பெரிய கொடுமை, அப்போது பார்த்து அவனே வாயை மூடிக்கொள்வதுதான்.

வெண்டலுக்கு இருந்த ஒரே துணிச்சல் பீர் காய்ச்சுவது. வீட்டின் நிலவறையில் பெரிய அண்டாவில் காய்ச்சி, நொதிக்க வைத்து, இடுப்பு உயர எவர்சில்வர் பீப்பாய்களில் அடைப்பான். அந்தப் பீப்பாய்களைக் குளிர வைக்க ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு ஃப்ரீசர் பெட்டி வைத்திருந்தான். மேல்பக்கம் திறக்கிற பெட்டி. பீப்பாய்கள் உயரமாக இருந்ததால், பெட்டியின் வாயைச் சுற்றி ரோலி பலகை அடித்து உயர்த்திக் கொடுத்திருந்தான். அந்தப் பலகையில் துளை போட்டுக் குழாய்களையும் மாட்டியாயிற்று. பீருக்கு நுரையைக் கொடுக்கும் கரியமில வாயு சிலிண்டரும் பெட்டிக்குள்ளேயே, அடியில் ஒரு மூலையில் நின்றது.

வருகிற சனிக்கிழமை ஏரிமேல் மீன்பிடிப் போட்டி. பீர் காய்ச்சுகிறவர்கள் சங்கத்தின் சார்பில் இந்த வருஷம் வெண்டலுடைய பீர்தான் ஊற்றப்போகிறார்கள். அவன் வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நிற்கக் கிடைத்த சந்தர்ப்பம். அதற்குத்தான் வந்து சேர்ந்தது சனியன். புதுசாக நிரப்பி வந்த சிலிண்டர் ஒரே ராத்திரியில் காலி. இரண்டாவதும் அப்படியே. பீர் செத்த தண்ணீராகக் கிடந்தது.

வியாழக்கிழமை ரோலி வந்து பார்த்தான். இருவரும் பீப்பாய்களை வெளியே தூக்கித் தரையில் நிறுத்தினார்கள். மூன்றாவது சிலிண்டரை மாட்டி வாயுவை ஏற்றி, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, சமையல் கேஸ் டியூபைச் சோதிப்பது போல மூட்டு மூட்டாகத் தெளித்தார்கள். பீப்பாய் மூடியின் ரப்பர் வளையம், வாயு ஏறும் முனை, பீர் இறங்கும் முனை, டியூபின் கிளிப்புகள், ரெகுலேட்டர் நட் என்று ஓரிடம் விடவில்லை. எங்காவது கசிந்தால் அந்த இடத்தில் நுரை குமிழ்விட வேண்டும். ஒரு குமிழ்கூட வரவில்லை. சிலிண்டரை அடைத்துவிட்டு ரெகுலேட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தார்கள். அழுத்தம் காட்டும் அந்த முள் அசையவே இல்லை.

"வெளியில வச்சா ஒழுகாதுடா" என்றான் ரோலி. "குளிர்ல எல்லாம் சுருங்கும். உள்ள வச்சு ராத்திரி பூரா குளிர விடு. நாளைக்கு வந்து உள்ள இருக்கும்போதே சோப்புத் தண்ணி அடிப்போம். அப்ப மாட்டும் திருடன்."

போகிற போக்கில், எதற்கும் இருக்கட்டும் என்று, சிலிண்டர் மரையில் வெள்ளை டெஃப்லான் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி ரெகுலேட்டரை இறுக்கினான். ரோலிக்கு உலகத்தில் எது ஒழுகினாலும் டேப்தான் மருந்து. இறுக்கிய பிறகு யாரும் அதன்மேல் சோப்புத் தண்ணீர் அடிக்கவில்லை. எல்லாவற்றையும் உள்ளே இறக்கி, சிலிண்டரைத் திறந்துவிட்டுப் பெட்டியை மூடினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் வெண்டலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தனியாகக் கீழே இறங்கி மூடியைத் தூக்கி, முள்ளைப் பார்க்கக் குனிந்தான். சோடா புரையேறினாற்போல மூக்கில் சுரீர் என்று ஏறியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. சட்டென்று நிமிர்ந்தான். தலை லேசாகச் சுற்றியது. மூடியைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தான்.

அவனுக்குப் புரியாமல் இல்லை. பெட்டியிலிருந்து எங்கே போகும் அந்த வாயு? காற்றைவிடக் கனமானது, மேலே ஏறாது. நாலு பக்கமும் அடைத்த தொட்டியில் தண்ணீர் நிற்பதுபோல அங்கேயே நிற்கும். இதை எங்கோ படித்திருந்தான். படித்ததா, தானாகக் கற்பனை பண்ணிக்கொண்டதா என்பதுதான் இப்போது சந்தேகமாக இருந்தது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவனுக்கு வரும் சங்கடம் இது. நிஜமான பயம் எது, வழக்கமான பயம் எது என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

மத்தியானம் ரோலி பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே வந்தான். கொழுத்த குள்ள ஆசாமி. பேன்ட் நிற்பதற்கு அகலமான தோள்பட்டி போட்டிருப்பான். அன்றைக்கு ஜலதோஷம் வேறு, மூக்கு அடைத்து, பேச்சு கொணகொணவென்று வந்தது. வெண்டலின் மனைவி மார்லிஸ் அடுப்பிலிருந்து எடுத்த உருளைக்கிழங்கு வதக்கலைத் தட்டில் போட்டுக் கொடுத்தாள்.

"என்ன மார்லிஸ், உன் வீட்டுக்காரன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? வாசல்ல அணில் கிணில் பாத்துட்டானா?"

"காலையிலருந்து இப்படித்தான் இருக்கு. கேட்டா ஒண்ணுமில்லங்குது."

"எனக்குத் தெரியும். நாளைக்கு ஐஸ் மேல நிக்கணும்ல. லைஃப் ஜாக்கெட் தொவைச்சுப் போட்டாச்சாடா?"

மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கரையில் கட்டிக்கிடந்த படகில் வெண்டல் லைஃப் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்த கதையை ரோலி போன இலையுதிர் காலத்தில் சங்கக் கூட்டத்தில் நடித்தே காட்டியிருந்தான். கூட்டம் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. வெண்டலும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

கீழே போனார்கள். குளிருக்காக நிலவறை ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, வெளிக்கதவின் அடியில் துண்டைச் சுருட்டித் திணித்திருந்தது. ஈ நுழைய வழி கிடையாது. ரோலி பெட்டியின் மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தான்.

"ரோலி, கொஞ்ச நேரம் தெறந்து போட்டுட்டு அப்புறம் பாப்போம்டா."

"எதுக்கு?"

"உள்ள காத்து சரியில்லாத மாதிரி இருக்கு. காலையில ஒரு மாதிரி ஏறிச்சு."

ரோலி அவனை ஏற இறங்கப் பார்த்தான். "டேய், பீருக்குள்ள இருக்கறதும் இதே வாயுதான். இத்தனை வருஷமா குடிக்கிறோம். செத்தா போயிட்டோம்?" சுவரில் மாட்டியிருந்த அபாய மணியைக் காட்டினான். வெள்ளை டப்பா, அதில் பச்சை விளக்கு. "அது எதுக்கு இருக்கு? வாயு இருந்தா கத்தி ஊரைக் கூட்டாதா? பச்சையா எரியுது பாரு. நீதான் மஞ்சளா இருக்க."

வெண்டலும் பச்சை விளக்கைப் பார்த்தான். அதைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்ததை அவனால் மறுக்க முடியாது. விசிறியைக் கொண்டுவந்து வைக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தான். நாளைக்கு ஏரிமேல் அத்தனை பேர் நடுவில் ரோலி, 'பயலுக்குப் பீர் காய்ச்சவும் விசிறி வேணும்' என்று ஆரம்பிப்பது கண்முன்னே வந்தது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான்.

ரோலி டார்ச்சை வெண்டல் கையில் கொடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு பலகைமேல் வயிற்றைப் பதித்துக் குனிந்தான். சிலிண்டரோ அடிமூலையில். கை எட்டவில்லை. இன்னும் சரிந்தான். பூட்ஸ் இரண்டும் தரையை விட்டு எழும்பின. தலை, தோள், பாதி முதுகு எல்லாம் பெட்டிக்குள் போயிற்று.

"டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுடா. சத்தம் கேக்குது. இங்கதான் எங்கியோ..."

அவ்வளவுதான். பேச்சு நின்றது.

வெண்டல் காத்திருந்தான். ரோலியின் விளையாட்டுகள் அவனுக்குப் பழக்கம். செத்த மாதிரி கிடந்து, பக்கத்தில் போனதும் கத்துவான். பிறகு வருஷக்கணக்கில் அதைச் சொல்லிச் சிரிப்பான்.

"சரி சரி, போதும். எந்திரி."

சோப்புத் தண்ணீர்ப் புட்டி உள்ளே எதன்மேலோ மோதி உருண்டது. ரோலியின் ஒரு பூட்ஸ் மெல்ல, மிக மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தது. விளையாடுகிறவனின் கால் அப்படிச் சாயாது.

வெண்டல் கையிலிருந்த டார்ச்சைப் பெட்டிக்குள் நழுவவிட்டான். பாய்ந்து ரோலியின் பேன்ட்டை இடுப்பில் பிடித்து இழுத்தான். ஆள் வரவில்லை. காலைப் பலகைமேல் உதைத்துக்கொண்டு மறுபடி இழுத்தான். ஒரு சாண் வந்து, எதிலோ மாட்டி நின்றது. எட்டிப் பார்த்தான். ரோலியின் தோள்பட்டி, பலகையின் உட்புறம் குழாயை இறுக்கியிருந்த நட்டில் சிக்கிக்கொண்டிருந்தது. இழுக்க இழுக்க அது இறுகியது. கழற்ற வேண்டுமென்றால் தன் தலையும் உள்ளே போக வேண்டும்.

மார்லிஸைக் கூப்பிட வாய் திறந்து, அப்படியே மூடிக்கொண்டான். அவள் ஓடி வருவாள். வந்ததும் யோசிக்காமல் குனிவாள். குனிந்தால் அவளும் போய்விடுவாள். அவன் ஆயுளில் இதுவரை வந்த எந்தப் பயமும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. தன்னைப் போல ஓர் ஆள் வீட்டைவிட்டு ஓடிப்போய்த் தெருவில் நின்று அலறுவதுதான் இயல்பு என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. சுவரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அது கத்தவில்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அது கணப்பு அடுப்பு சரியாக எரியாமல் விஷவாயு கக்கினால் கத்துகிற மணி. இந்த வாயுவை அதற்குத் தெரியவே தெரியாது.

நிமிர்ந்து நின்று மூச்சை முட்ட இழுத்தான். வாயை இறுக மூடி, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டான். கண் எரிந்தது. காதருகே ரோலியின் முகம். வாய் பிளந்திருந்தது, உதடு கத்தரிக்காய் நிறம். அடிமூலையில் பாம்பு சீறுவது போல இடைவிடாத சீறல். உள்ளே விழுந்து கிடந்த டார்ச்சின் வெளிச்சத்தில், ரெகுலேட்டர் நட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த வெள்ளை டேப்பின்மேல் உறைபனி பூத்திருந்தது. முந்தின இரண்டு சிலிண்டரும் எங்கே ஒழுகினவோ, இன்றைய கசிவு அங்கேதான். வாஷர் போய் அழுந்த வேண்டிய இடத்தில் டேப் குறுக்கே கிடந்திருக்கிறது.

ஒரு கையால் தோள்பட்டியை நெம்பினான். வழுக்கியது. மறுபடி நெம்பினான். நெஞ்சு வெடித்துவிடும் போலாயிற்று. மூச்சை விட்டுவிடு, ஒரே ஒரு வாய் இழுத்துக்கொள் என்று உடம்பு கெஞ்சியது. தலையை வெளியே எடுத்தான். மேலே நிமிர்ந்து இரண்டு தரம் இழுத்தான். திரும்ப உள்ளே போகக் கழுத்து மறுத்தது. நிஜமாகவே மறுத்தது, முரட்டு மாடு கொட்டிலுக்குள் நுழைய மறுப்பது மாதிரி. அந்தக் கழுத்தைத் தன் கையாலேயே அழுத்திக் குனியவைத்தான் என்று சொன்னாலும் பொய்யில்லை.

இந்தத் தடவை மூக்கைப் பிடிக்கவில்லை. இரண்டு கையும் வேண்டியிருந்தது. பட்டியை நட்டிலிருந்து மேலே தூக்கிச் சுண்டினான். விடுபட்டது. இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். இருவரும் தடாலென்று சிமென்ட் தரையில் விழுந்தார்கள்.

தரையும் வாயு தேங்கும் பள்ளம்தான் என்ற நினைப்பு அவனை எழுப்பிவிட்டது. ரோலியின் கக்கத்தில் கைகொடுத்து மேலே போகும் படிக்கு இழுத்தான். ஒவ்வொரு படியாக அந்தப் பாரத்தை ஏற்றினான். சத்தம் கேட்டு மார்லிஸ் மேல்கதவைத் திறந்தாள்.

"என்ன ஆச்சு?"

"கீழ வராத. வந்தா கொன்னுடுவேன். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணு, கதவையெல்லாம் தெறந்து விடு."

அவன் குரல் அப்படி உயர்ந்து அவள் கேட்டதே இல்லை. மறுபேச்சுப் பேசாமல் ஓடினாள்.

பாதிப் படியில் ரோலியை மடியில் போட்டுக் கன்னத்தில் அறைந்தான். ஒன்றும் இல்லை. இன்னொன்று அறைந்தான். தாடையைத் தூக்கி வாயோடு வாய் வைத்து ஊதினான். நெஞ்சு ஏறியது, இறங்கியது, பேசாமல் கிடந்தது. வெண்டல் அழுதுகொண்டே ஊதினான். அழுகிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. மூன்றாவதோ நான்காவதோ ஊதும்போது ரோலியின் தொண்டை கரகரத்து, கிணற்றிலிருந்து எழும்பினவன் போல ஹா என்று இழுத்தான். இருமினான். வாந்தி எடுத்தான். மறுபடி இழுத்தான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தான். வெண்டலின் முகத்தைப் பார்த்ததும் பழைய சிரிப்பு தானாகவே வாயோரம் வந்தது.

"ஏன்டா அழுவுற? யாரு செத்தா?"

"பேசாதே. படு."

"பேன்ட்டைப் பிடிச்சு இழுத்தியா நீ? நான் கண்டுபிடிக்கப் போற நேரத்துல..." அவன் எழுந்திருக்கப் பார்த்தான். "விடுடா. வால்வு தெறந்து கெடக்கு. போய் மூடிட்டு வந்துடறேன். தலை லேசா கிறுகிறுன்னுச்சு, அவ்வளவுதான. இதுக்குப் போயி ஆம்புலன்ஸா? ஊரே சிரிக்கும்."

வெண்டல் வாதாடவில்லை. அவனைப் படிச்சுவரில் சாய்த்து உட்காரவைத்தான். அடுப்பு பற்றவைக்கும் நீள லைட்டர் படி அலமாரியில் இருந்தது. எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். தலையை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு வெளிக்கதவைத் திறந்துவிட்டான். பனிக்காற்று உள்ளே வந்தது. பெட்டியிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று லைட்டரைப் பற்றவைத்தான். சுடர் நன்றாக நின்று எரிந்தது.

"பாரு" என்றான். கையை நீட்டிச் சுடரைப் பலகைக்குக் கீழே இறக்கினான். யாரோ விரலால் நசுக்கினாற்போல அணைந்தது. வெளியே எடுத்துப் பற்றவைத்தான். இறக்கினான். அணைந்தது. மறுபடி பற்றவைத்தான். மறுபடி அணைந்தது.

வெண்டல் திரும்பி வந்து படியில் ரோலியின் பக்கத்தில் உட்கார்ந்தான். ரோலி அவன் கையிலிருந்த லைட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் எவ்ளோ நேரம் அதுக்குள்ள இருந்தேன்?"

"தெரியாது. மொதல்ல நீ விளையாடறேன்னு நெனச்சு நின்னுட்டேன்."

"எனக்கு ஒண்ணுமே தெரியலடா. வலிக்கல, மூச்சு முட்டின ஞாபகம்கூட இல்ல. டார்ச்சைக் காட்டுன்னு சொன்னேன். அப்புறம் உன் மூஞ்சி. அப்படியே போயிருந்தா அதுகூடத் தெரிஞ்சிருக்காது, இல்ல?"

"தெரிஞ்சிருக்காது."

தூரத்தில், ஏரிச் சாலைப் பக்கம், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. மேலே மார்லிஸ் ஜன்னல்களைத் திறந்துகொண்டே அழுவதும் கேட்டது.

"வெண்டல், உனக்கு முன்னாடியே தெரியுமா?"

பெட்டிக்குள் தலையை விட்டபோதுகூட வெண்டலுக்கு இவ்வளவு பயமாக இல்லை.

"காலையிலயே தெரியும். உறுதியா இல்ல. ஆனா தெரியும்."

"அப்புறம் ஏன்டா அடிச்சுச் சொல்லல?"

"நீ சிரிப்பேன்னு."

ரோலி வெண்டலின் சட்டைக் கையை, சிறுபிள்ளை பிடிப்பது போல, முழங்கைக்கு மேலே கொத்தாகப் பிடித்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து முகத்தில் ஆக்சிஜன் வைத்தபோதும் அதை விடவில்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போதும் விடவில்லை. வெண்டல் கோட்டுகூட இல்லாமல் அந்தக் கையோடேயே பனியில் நடந்து போய் வண்டியில் ஏறினான்.